உணரிவழித் தாதுத் தெரிவு

தோண்டியெடுத்த கற்களை ஒளி, எக்ஸ் கதிர் போன்றவற்றால் ஒவ்வொன்றாகச் சோதித்து, பயனற்றவற்றை அரைவைக்கு முன்பே ஒதுக்கும் தொழில்நுட்பம். கற்களைக் கழுவிச் சலித்து, ஒற்றை அடுக்காகப் பட்டியில் ஓடவிடுவார்கள். உணரி காட்டும் கல்லைக் காற்றுத் தாரை அடித்துத் தனியே தள்ளும். வீணான பாறையை அரைக்கச் செலவாகும் மின்சாரமும் நீரும் மிஞ்சுவதே இதன் பெரும் பயன்.

1940களின் பிற்பகுதியில் கனடாவில் யுரேனியத் தாதுவை அதன் கதிரியக்கத்தைக் கொண்டே பிரித்தனர். 1947இல் லண்டனில் தொடங்கிய சோர்டெக்ஸ் நிறுவனம் முதலில் விதை, பயறு பிரிக்கும் பொறிகளைச் செய்தது. அந்த ஒளியுணரி நுட்பம் பின்னர் சுரங்கத்துக்கும் வந்தது. இலங்கையின் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் அரிசி ஆலைகளிலும் ஓடும் கலர் சோர்ட்டர் இதே குடும்பம். எக்ஸ் கதிர் ஊடுருவலின் ஆற்றலை உலகம் போட்ஸ்வானாவின் கரோவே சுரங்கத்தில் கண்டது: 2024இல் 2,492 கரட் வைரம் உடையாமல் கிடைத்தது. வைரத்திலுள்ள கார்பனின் அணு எண் 6, பாறையிலுள்ள சிலிக்கனுக்கு 14. அதனால் வைரம் கதிரைக் கூடுதலாக ஊடுருவ விடுகிறது.

இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் இந்நுட்பத்துக்கு மிக இசைவானது ஓவல, கைகாவல பகுதியின் பெல்ஸ்பார். பீங்கான் தொழிலுக்கு வேண்டிய இக்கனிமம் குவார்ட்ஸ், மைக்காவோடு கலந்தே கிடைக்கிறது. கண்ணால் பார்த்துக் கையால் பொறுக்கும் பழைய வேலையை நிறமறியும் பொறியால் செய்விக்கலாம். சில்லுகளில் தூசி படியாதிருப்பது மட்டும் கட்டாயம்.

மாத்தளை, பொலன்னறுவை எல்லைகளில் பரவிய எலஹெர இரத்தினக்கல் வயலின் கதை வேறு. அங்கு 'இல்லம்' எனும் சரளை அடுக்கைத் தோண்டி, கூடையிலிட்டுக் கழுவி, அடியில் தங்கும் கனமான கற்களைக் கையால் தேர்கிறார்கள். அங்கு கிடைக்கும் நீலக்கல்லின் அலுமினியத்துக்கு அணு எண் 13. குவார்ட்ஸின் சிலிக்கனுக்கு மிக நெருக்கம். வைரத்துக்குக் கைகொடுத்த வேறுபாடு இங்கே கிடைக்காது. மொசாம்பிக்கின் மொண்டேபுஸ் சுரங்கத்தில் மாணிக்கம் பிரிக்க ஒளியுணரிப் பொறிகள் உள்ளன. குரோமியத்தால் சிவந்து ஒளிரும் கல்லை இனங்காண்பது எளிது. நீலக்கல்லிலோ ஒளிர்வு கல்லுக்குக் கல் மாறும். மேலும் எலஹெரவில் ஸ்பினல், கார்னெட், கிரைசோபெரில் எல்லாம் ஒரே கூடையில் வரும். ஒன்றைத் தேடச் சொல்லிவைத்த உணரி மற்ற விலைமதிப்புள்ள கற்களைக் கழிவோடு தள்ளிவிடக்கூடும். பழகிய கண்ணுக்கு அந்தக் குறை இல்லை.