திருவாங்கூரின் ஆறாண்டுக் கட்சியார்

நீலகிரி மலையில் இத்தலார், எமரால்டு, மஞ்சூர் பக்கங்களில் ஊழியஞ்செய்கிற போதகர்கள் முன் எழக்கூடிய வினா ஒன்றுண்டு. தேயிலைத் தோட்டத்து லயன் வீடொன்றில் புதியதொரு ஜெபக்கூட்டம் தொடங்குகிறது. இரவெல்லாம் பாட்டும் கண்ணீரும். சபையார் சிலர் அங்கே போய்விடுகிறார்கள். இது எழுப்புதலா, வஞ்சகமா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் 1978-ஆம் ஆண்டு கயானா நாட்டு ஜோன்ஸ்டவுனில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட செய்தியையே எடுத்துக்காட்டுவர். அது பயங்கரமான செய்திதான். ஆயினும் நம்முடைய ஜனங்களுக்கு அது எங்கோ நடந்த கதை. அத்தகைய கொலைபாதகம் எதுவுமின்றி, பக்தியும் பாட்டும் நிறைந்தவர்களாய் வழிதப்பிய ஒரு கூட்டத்தாரின் வரலாறு நம் அயலிலேயே இருக்கிறது. அதுவே நமக்கு அதிகப் பயன்படும் என எண்ணுகிறோம்.

அதன் வேர் திருநெல்வேலியில் உள்ளது. ரேனியஸ் ஐயரிடத்திலும் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பாரிடத்திலும் பயின்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் 1842-இல் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவினார். 1860-இல் அங்கு எழுப்புதல் உண்டாயிற்று. பாவ உணர்வினால் மக்கள் நடுங்கி விழுந்தனர். அந்நியபாஷை, தீர்க்கதரிசனம் ஆகியவையும் காணப்பட்டன. பெண்களும் துணிந்து சாட்சி பகர்ந்தனர். மிஷனெரிமாரில் சிலர் மகிழ்ந்தனர், சிலர் ஐயுற்றனர். அருளப்பன் 1867-இல் மரித்தார். அவ்வெழுப்புதலின் அனல் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் மலையைக் கடந்து மத்திய திருவாங்கூரை எட்டியது.

அங்கே அதனை ஏற்று முன்னின்றவர் யுஸ்துஸ் யோசேப்பு. இவர் தமிழ்ப் பிராமணக் குலத்தில் பிறந்தவர், இயற்பெயர் ராமய்யன். 1861-இல் மாவேலிக்கரையில் சி.எம்.எஸ். மிஷனெரியாகிய ஜோசப் பீட் ஐயரிடம் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று, பின்னர் குருப்பட்டமும் பெற்றுக் கன்னேற்றிச் சபையின் போதகரானார். புலமை மிக்கவர், 'வித்துவான் குட்டி' என்றே மக்கள் அழைத்தனர். கர்நாடக இசையில் அவர் இயற்றிய கீர்த்தனைகளைக் கேட்கச் சுரியானிக் கிறிஸ்தவரும் திரண்டனர். பகைத்தவர் ஒப்புரவாயினர். அதன் தொடக்கத்தை வஞ்சகமென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. கள்ள உபதேசம் எப்பொழுதும் கள்ள முகத்தோடேயே வரும் என்றெண்ணுவோர் இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும்.

1875-இல் திருப்பம் நேர்ந்தது. ஆறு ஆண்டுகளில், அதாவது 1881-இல், ஆண்டவர் மகிமையோடு வருவார் என்று அக்கூட்டத்தாரில் ஒருவர் தரிசன வாக்காக அறிவித்தார். யுஸ்துஸ் யோசேப்பு அதனை ஏற்று வெளிப்படையாகப் பிரசங்கித்தார். 'ஆறாண்டுக் கட்சி' என்னும் பெயர் இதனால் உண்டாயிற்று. ஆயிரக்கணக்கானோர் அவரோடு சேர்ந்தனர், சி.எம்.எஸ். சபையிலிருந்து அவர்கள் பிரிந்தனர்.

நாள் குறித்தது மாற்கு 13:32-க்கு மாறானது என்பதை எவரும் எளிதிற் கூறுவர். ஆனால் இந்த வசனத்தை அவர்களும் அறிந்தேயிருந்தனர். ஆகையால் நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. தீர்க்கதரிசிகள் பேசுகையில் மற்றவர்கள் நிதானிக்கவேண்டும் என்பது 1 கொரிந்தியர் 14-இல் பவுல் வகுத்த முறை. ஒருவருடைய தரிசனம் சபையின் சோதனைக்கு உட்படாமல், சபையே அத்தரிசனத்தின்மேல் கட்டப்பட்டபோது இம்முறை தலைகீழாயிற்று. நாள் ஒன்று குறிக்கப்பட்டபின் ஐயுறுகிறவனுக்கு அங்கே இடமில்லை; நம்பினால் உள்ளே, நம்பாவிட்டால் வெளியே. அன்பாய்க் கேட்கப்படும் கேள்வியும் அவிசுவாசமாக எண்ணப்படும். வருஷங்கள் செல்லச்செல்ல, திரும்பிவருவதற்குக் கொடுக்கவேண்டிய விலையும் ஏறும்.

1881 வந்தது, போயிற்று. ஆண்டவர் ஆவிக்குரிய விதமாய் வந்துவிட்டார் என்று விளக்கம் கூறப்பட்டது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22-ஐ எதிர்நோக்கி ஏமாந்தபோதும், அவர்களில் ஒரு சாரார், குறித்த காரியம் கண்காணாத பரலோகத்தில் நிறைவேறியது என்றே பொருள் கொண்டனர். கடலுக்கு இருபுறமும் மனித மனம் ஒரே வழியிற் செல்வது வியப்பே. வாக்குப் பொய்த்ததன் பின்பு ஒரு கூட்டம் என்ன சொல்லுகிறது என்பதே, பொய்க்குமுன் அது காட்டிய பக்தியைக் காட்டிலும் தெளிவான அடையாளம் என்பது நம் கருத்து.

எனினும் பிரிந்துபோகிற யாவரையும் இவ்வரிசையில் நிறுத்தலாகாது. 1857-இல் சட்டம்பிள்ளை என்னும் அருமைநாயகம் நாசரேத்துப் பக்கத்தில் மிஷனெரிமாரை விட்டுப் பிரிந்து இந்து கிறிஸ்தவ சபையைத் தோற்றுவித்தார். சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கினார், அந்நியர் உதவியை மறுத்தார். அவருடைய உபதேசம் முழுவதையும் நாம் ஏற்கவில்லை. ஆனால் அப்பிரிவினைக்குப் பின்னே, மிஷனெரிமாரின் அதிகாரத்தாலும், தம் ஜனத்தாரைக் குறித்து அவர்கள் எழுதியவற்றாலும் உண்டான மனப்புண் இருந்தது. நம்முடைய குற்றத்தைச் சுட்டிக்காட்டுகிறவனுக்குத் 'துர்உபதேசி' என்று பெயரிடுவது சபைத் தலைவர்களுக்கு எப்பொழுதும் வசதியாயிருந்திருக்கிறது.

நீலகிரியின் நிலையையும் இவ்விடத்திற் சொல்லவேண்டும். 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் விளைவாகத் தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல இம்மலையின் தோட்டங்களில் குடியேறின. வேரோடு பெயர்க்கப்பட்டவர்களுக்கு, பெயர் சொல்லி அழைக்கும் ஒரு சிறு கூட்டமும், நாள் சொல்லி உறுதியளிக்கும் ஒரு குரலும் எவ்வளவு இனிமையாயிருக்கும்! மாதத்துக்கொருமுறை ஆராதனை நடத்திவிட்டு மலையிறங்குகிற போதகர், லயன் வீட்டு ஜெபக்கூட்டத்தைக் கண்டிக்குமுன், அங்கே நோயாளியைச் சந்திப்பது யார் என்று விசாரிப்பது நலம். அதன்பின், அக்கூட்டத்தின் தலைவரிடம் கணக்குக் கேட்கக்கூடியவர் எவரேனும் உண்டா என்றும், அதைவிட்டு விலகினவர்களோடு உறவினர் இன்னும் பேசுகிறார்களா என்றும் விசாரிக்கலாம்.

யுஸ்துஸ் யோசேப்பு 1887-இல் மரித்தார். அவரைப் பின்பற்றினோரில் பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினர். மிகச் சிறு கூட்டமே எஞ்சிற்று. அவருடைய பாடல்களோ மலையாளக் கிறிஸ்தவர் எல்லாப் பிரிவினரிடத்தும் நிலைத்துவிட்டன. அவரை விலக்கிய சபையின் வழிவந்தோரும் அவற்றைப் பாடுகின்றனர்.