கேப்பை, குரக்கன், கோதுமை மா: எங்கள் மலையின் அடுப்பங்கரை வரலாறு

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். இப்போதுதான் சாப்பிட்டு எழும்பினீர்கள் என்றால் தேத்தண்ணியை மட்டும் ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். ஏன் என்பது கடைசியில் வரும்.

இடைவேளை நேரத்தில் நாங்கள் வகுப்புக்களைச் சுற்றி நடப்பது வழக்கம். யார் சாப்பிடுகிறார்கள், யார் சாப்பிடாமல் விளையாடப் போய்விட்டார்கள் என்று பார்ப்பதற்காக. பெரும்பாலான பெட்டிகளில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் இருக்கும். ஒரு நாள் ஒரு மகள் பெட்டியின் மூடியைக் கையால் மறைத்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே குரக்கன் ரொட்டி. பக்கத்தில் இருந்தவர்கள் "கறுப்பு ரொட்டி" என்று சிரித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அழுகை வராத குறை.

அதே குரக்கன் கொழும்பில் பெரிய கடைகளில் பளபளப்பான பொதியில் 'சூப்பர் ஃபூட்' என்று விற்கப்படுகிறது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகவே அறிவித்தது. உலகம் தேடி வாங்கும் சாப்பாட்டை எங்கள் பிள்ளை ஏன் மறைத்துச் சாப்பிடுகிறது? இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? இதைப் பற்றித்தான் எழுத நினைத்தோம்.

கதை பழையது. 1660இல் கண்டி இராச்சியத்தில் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது வருடங்கள் இங்கேயே வாழ்ந்து தப்பிப் போன ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் குரக்கனைப் பற்றிச் சொல்கிறார். கடுகு போன்ற சிறு மணி, இடித்து மாவாக்கி ரொட்டி சுடுவார்கள் என்று. வயலில் நெல், மேட்டில் சேனை. இதுதான் ஊவாவின் பழைய முறை. சேனையில் குரக்கன், தினை, சாமை, சோளம், பயறு, கொள்ளு, எள்ளு எல்லாம் வரும். நெல் பொய்த்த வருடத்திலும் சேனை ஏதாவது கொடுக்கும். 'வெல்லஸ்ஸ' என்ற பெயருக்கே இலட்சம் வயல் என்றுதான் பொருள் சொல்கிறார்கள்.

இந்தக் கதையில் எங்கள் சமூகத்துக்கும் இடம் இருக்கிறது. மட்டக்களப்புப் பக்கமிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிக்கொண்டு தவளம் மாடுகளோடு இந்த மலைகளில் ஏறியவர்கள் எங்கள் முன்னோர். திரும்பும்போது பாக்கும் மலைப்பொருளும் கொண்டு போனார்கள். உப்பு இல்லாமல் எந்தக் கஞ்சியும் இறங்காது. ஆகவே சிங்களக் கிராமத்தின் குரக்கனும் முஸ்லிம் வியாபாரியின் உப்பும் ஒரே சட்டியில் சேர்ந்த காலம் அது.

அதை முதலில் உடைத்தது 1817-18. வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்குப் பொறுப்பாக ஹாஜி மரிக்காரை ஆங்கிலேயர் நியமித்ததும் ஊவாக் கிளர்ச்சியின் காரணங்களில் ஒன்று என்பது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். நாங்கள் அதிகம் பேசாதது அதன் முடிவைப் பற்றி. ஆளுநர் பிரவுன்றிக்கின் படைகள் வீடுகளை எரித்தன. தானியத்தை அழித்தன. மாடுகளைக் கொன்றன. பழ மரங்களை வெட்டின. சண்டை ஓய்ந்த பிறகும் பசி ஓயவில்லை. ஒரு நாட்டை அடக்க வேண்டும் என்றால் அதன் அடுப்பை அணைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது அடி ஒரு சட்டமாக வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, பயிர் செய்யாத நிலம் எல்லாம் முடிக்குச் சொந்தம், வேறு யாருக்கும் சொந்தம் என்றால் அதை அவர்களே நிரூபிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். சேனை என்பது ஒரு போகம் பயிர் செய்து, பிறகு பல வருடங்கள் காடாக விட்டுத் திரும்பி வரும் முறை. காடாக விட்டிருக்கும் வருடத்தில் பார்த்தால் அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் போலத்தான் தெரியும். உறுதி, பத்திரம் எதுவும் இல்லாத கிராமத்தவன் எதை வைத்து நிரூபிப்பான்? அந்த மலைகள் கோப்பித் தோட்டங்களாயின. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் போல ஒரு நோய் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதும் எங்கள் மடுல்சீமையில்தான். சில வருடங்களில் கோப்பி விழுந்தது, தேயிலை வந்தது. நிலம் மட்டும் திரும்பி வரவில்லை.

அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து மக்கள் வந்தார்கள். வானம் பார்த்த பூமிகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஊரில் அவர்கள் அன்றாடம் சாப்பிட்டது கேப்பைக் களி, கம்பங்கூழ், சோளச்சோறு. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். கேப்பை, கேழ்வரகு என்று அவர்கள் சொன்ன தானியமும், கீழே கிராமத்தவர்கள் குரக்கன் என்று சொன்னதும் ஒன்றே. இரண்டு பக்கமும் தெரிந்த ஒரு தானியம் இந்த மலையில் இருந்தது. ஆனால் இரண்டு பக்கத்தாருக்கும் அதை விதைக்க நிலம் இல்லை.

தோட்டத்தில் கொடுத்தது அரிசி. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி. அதைத் தோட்டமே கொடுத்துக் கூலியில் கழித்துக்கொள்ளும். கங்காணியிடம் பட்ட கடனோடு அரிசிக் கணக்கும் சேரும். 1924இல் ரயில் பதுளைக்கு வந்தது. போகும்போது தேயிலைப் பெட்டி, வரும்போது அரிசி மூட்டை. 1927இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில்கூட அரிசி என்ன விலைக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்பது பேசப்பட்டது. கூலியும் அரிசியும் அந்த அளவுக்கு ஒன்றோடொன்று பின்னியிருந்தன.

இங்கே ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஊரில் திருநாளுக்கு மட்டும் கண்ட நெல்லுச்சோறு இங்கே தினமும் கிடைத்தது. அது அந்த மக்களுக்கு ஒரு உயர்வாகத் தெரிந்ததில் என்ன தவறு? கேப்பை விட்டு வந்த வறுமையின் அடையாளம் ஆனது. வெள்ளைச்சோறு முன்னேற்றத்தின் அடையாளம் ஆனது. எங்கள் மகளின் பெட்டி மூடியை மறைத்த கையின் வேர் இங்கேதான் தொடங்குகிறது என்று நாங்கள் நினைக்கிறோம்.

பிறகு கோதுமை வந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அரிசிக் கப்பல்கள் நின்றன. நாடு முழுக்கப் பங்கீடு வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவும் பாணும் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்தது, ஆனால் மா போகவில்லை. பிற்காலத்தில் அமெரிக்க உதவியாகவும் கோதுமை வந்தது. 1980 முதல் திருகோணமலையில் பெரிய ஆலையிலேயே அரைக்கத் தொடங்கினார்கள். தோட்டத்து அம்மாமாருக்கு அது வசதியாகவும் இருந்தது. விடியற்காலையில் எழும்பி, பிள்ளைகளை எழுப்பி, பெரட்டுக்கு நேரத்துக்குப் போக வேண்டும். இடிக்கவும் புடைக்கவும் நேரமில்லை. மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து கல்லில் போட்டால் ரொட்டி. கொழுந்து மலைக்குக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். அவர்கள் சோம்பேறித்தனத்தால் கோதுமைக்கு மாறவில்லை. அவர்களுக்கு விடப்பட்ட நேரத்துக்குள் சமைக்கக்கூடியது அது ஒன்றுதான்.

வெளியிலிருந்து வரும் சாப்பாட்டை மட்டும் நம்பி வாழ்வதன் விலை 1973-74இல் தெரிந்தது. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. அரசு இறக்குமதியையும் பங்கீட்டையும் குறைத்தது. கிராமத்தில் பலா இருந்தது, மரவள்ளி இருந்தது, ஒரு துண்டு மேட்டு நிலமாவது இருந்தது. சிங்கள மக்கள் பலாவைச் 'சோற்று மரம்' என்று சொல்வது சும்மா இல்லை. பாணந்துறை ஆர்தர் வி. டயஸ் ஊர் ஊராகப் பலா நடச்சொல்லி இயக்கம் நடத்தியதால் 'கொஸ் மாமா' என்ற பெயரே அவருக்கு வந்தது. லயத்து மக்களுக்கோ காம்பராவும் வாசலும்தான். தோட்டங்களில் அந்த வருடங்களில் இறப்பு வீதம் நாட்டின் சராசரியை விட மிகவும் மேலே போனது. பஞ்சத்தில் ஊர் ஊராகப் பிச்சைக்குப் போனவர்களின் கதை எங்கள் பழைய ஆட்களுக்குத் தெரியும். அதே 1973இல்தான் திரிபோஷாவும் தொடங்கியது. சோளமும் சோயாவும் சேர்ந்த மா. நிலம் இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடிய கலவை, பொதியில் அடைக்கப்பட்டுக் கிளினிக் வழியாகத் திரும்பி வந்தது.

2022 உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். முந்திய வருடம் இரசாயனப் பசளை தடை, அதன் பின் டொலர் இல்லை, மாவின் விலை எங்கேயோ போனது. அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். நல்ல யோசனைதான். ஆனால் லயத்தில் இருப்பவர் எந்த மண்ணைக் கொத்துவது? அப்போது புது வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஏழு பேர்ச்சில் வீட்டைக் கட்டிய பிறகு மிஞ்சியது எவ்வளவு? அந்த மாதங்களில் வெறும் வயிற்றோடு வந்து காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கிய கைகள் எங்களுடையவை. ஆகவே இதை நாங்கள் ஆரோக்கியக் குறிப்பாக எழுதவில்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்? எங்களால் முடிந்த அளவில் சொல்கிறோம்.

குரக்கன் மந்திரம் இல்லை. சீனி வருத்தத்தை அது சுகப்படுத்தாது, அதுவும் மாச்சத்துத்தான். ஆனால் 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியில் பத்து மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். நார்ச்சத்தும் அதிகம். முழுதாக மாற வேண்டாம். கோதுமை மாவில் மூன்றில் ஒரு பங்கு குரக்கன் மா கலந்து ரொட்டி சுட்டால் பிள்ளைகள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சோற்றோடும் ரொட்டியோடும் பயறு, கௌபி, கொள்ளு, பருப்பு ஏதாவது ஒன்று சேர வேண்டும். தானியத்தில் குறைவான புரதக் கூறு பருப்பு வகையில் இருக்கிறது. பயற்றை முளைக்க வைத்தால் இன்னும் நல்லது. முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்கண்ணி வேலி ஓரத்திலும் ஓடைக்கரையிலும் வரும். கீரைச் சுண்டலில் தேசிக்காய்ப் புளி விடுங்கள், அது இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்க உதவும். பலாக்கொட்டையை வீசாதீர்கள். மணலில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

இப்போது தேத்தண்ணி. நாங்கள் வளர்க்கும் தேயிலையில் உள்ள தனின் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரொட்டியோடு சாயத் தேத்தண்ணி குடித்தால் ரொட்டியில் இருக்கும் கொஞ்ச இரும்பிலும் பெரும்பகுதி உடம்புக்குப் போகாது. இரத்தச்சோகை எங்கள் தாய்மாரிடம் பழகிப்போன நோய். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் விடுவது செலவில்லாத மருந்து. இன்னொன்று, மரக்கறி மட்டும் சாப்பிடும் வீடுகளில் பி12 விற்றமின் கிடைக்காது. பால், முட்டை, நெத்தலி ஏதாவது வாரத்தில் சில நாட்களாவது பிள்ளைகளுக்கு வேண்டும். ஒன்றுமே சேர்க்காத வீட்டார் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சும்போது பயறும் முருங்கை இலையும் கொஞ்சம் கூடுதலாகப் போடலாம். கோவில் அன்னதானத்திலும் பன்சலை தானத்திலும் குரக்கனுக்கு ஒரு இடம் கொடுக்கலாம். பெரியவர்கள் சாப்பிடும் இடத்தில் வைத்தால்தான் பிள்ளையின் வெட்கம் போகும். நபி (ஸல்) அவர்களின் வீட்டில் பெரும்பாலும் இருந்தது வாற்கோதுமை ரொட்டி என்று ஹதீஸ்களில் படிக்கிறோம். 'கறுப்பு ரொட்டி' என்று சிரிக்க எங்களில் யாருக்கு உரிமை இருக்கிறது?

ஆனால் கீரையும் கஞ்சியும் ஒரு எல்லை வரைக்கும்தான். இந்த மலையின் சாப்பாட்டை மாற்றியது நாக்கு இல்லை. நெருப்பும் சட்டமும் கூப்பனும்தான் மாற்றின. அதனால் லயத்துக் குடும்பத்துக்கு ஒரு முருங்கையும் ஒரு பலாவும் ஒரு பாத்திக் குரக்கனும் நடும் அளவுக்கு மண் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. வாக்குக் கேட்டு வருபவர்களிடம் சம்பளத்தைப் பற்றிக் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அந்த மகளின் வகுப்பில் அடுத்த வாரம் நாங்களும் குரக்கன் ரொட்டி கொண்டுபோய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டோம். இரண்டு பேர் பிய்த்துக் கேட்டார்கள். ஒருவன் இனிப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். பரவாயில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் இருக்கும் மிக வயதான ஆளிடம் இன்று இரவு கேளுங்கள்: சின்ன வயதில் என்ன கஞ்சி குடித்தீர்கள், அதற்கு வீட்டில் என்ன பெயர், எங்கே விளைந்தது? பதிலைக் கீழே எழுதுங்கள். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, வெலிமடை, அப்புத்தளை, பண்டாரவளை, பிபிலை, எங்கிருந்தாலும் எழுதுங்கள். சேர்த்து வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடமாக்குவோம். துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.