பொட்டல் காடு

1972இல் கர்ணன் எடுத்த 'கங்கா' பேனரில் ஜெய்சங்கர் தொப்பியோட குதிரை மேல. அப்பா தோள்ல உக்காந்து பார்த்தேன். அது யாரோட மண்ணுன்னு கேக்கத் தோணல.

ஜான் காஸ்ட் 1872இல் வரைந்த அமெரிக்க ஓவியத்தில் வெள்ளுடைப் பெண் தந்திக் கம்பியோடு மேற்கே மிதக்கிறாள். பூர்வகுடிகள் ஓரமாய் ஓடுகிறார்கள். நிலம் காலியாம்! க்ரீ இன ஓவியர் கென்ட் மாங்க்மன் 2019இல், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்காக இதைத் திருப்பிப் போட்டார்: தண்ணீரில் தத்தளிக்கும் வந்தேறிகளைப் பூர்வகுடிகள்தான் கைகொடுத்துக் கரையேற்றுகிறார்கள்.

எங்க பழைய செங்கல்பட்டு ஜில்லாவிலும் நிலக்கதை உண்டு. பறையர் நிலை பற்றிக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதினார். 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. அதுக்கு முன்னாடி 'பொட்டல் காடாக் கெடந்துச்சு'ன்றாங்க.

எங்க ஆயா நாத்து நட்ட கழனி, பொட்டலா?