கரவாகுப் பற்றில் ஊராட்சியும் மக்கள் மனநிறைவும்

கிழக்கு மாகாணக் கரையோரத்தே, ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலும் நெருக்க, ஒடுங்கிய மணற்பரப்பிலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதலிய ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்படும்வரை இவை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. தாம் தெரிந்தெடுத்த உறுப்பினரின் பணியில் இவ்வூர் மக்கள் எப்பொழுது நிறைவு கண்டனர், எப்பொழுது குறை கண்டனர் என்று ஆராயுமிடத்து, உறுப்பினரின் குணநலத்தினும் சபையின் பரப்பும் தேர்தல் முறையுமே பெரிதும் காரணமாயின என்பது புலனாகும்.

1871ஆம் ஆண்டுச் சட்டம் கிராமச் சங்கங்களுக்குப் புத்துயிர் அளித்ததாயினும், அவற்றின் தலைமை அரசாங்கம் நியமித்த தலைமைக்காரரிடமே இருந்தது. மட்டக்களப்புப் பகுதியில் வன்னியனார் என வழங்கப்பெற்றவர் அவரே. 1924ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களுமே உறுப்பினரைத் தெரியும் உரிமையை மக்களிடம் படிப்படியாகச் சேர்த்தன.

எனினும், பிரதிநிதி என்னும் எண்ணம் சட்டத்தோடு வந்ததன்று. இக்கரையில் முஸ்லிம்களின் பள்ளிவாசல் நிருவாகத்திற் குடிதோறும் மரைக்கார் ஒருவர் இருந்து வந்துள்ளார். தமிழர் கோயில்களில் வண்ணக்கர் இருந்தாற்போல. மரைக்கார் தம் குடியினரின் வீட்டுவாசலில் நின்று விடைகூற வேண்டியவர். ஊரார் 'மெம்பர்' என்றழைத்த வட்டார உறுப்பினரையும் அவ்வாறே கண்டனர். கிராமசபையின் வருவாய் சொற்பம். அதிகாரமும் ஒழுங்கை, வடிகான், கிணறு, சந்தை, தெருவிளக்கு என்பவற்றோடு அமைந்தது. ஆயினும் விளக்கு எரியாவிடின் எவரைக் கேட்பது என்பது சிறுவருக்குந் தெரியும். தம் குடிக்கே முதலில் ஒழுங்கை போடும் உறுப்பினரும் இருந்திருப்பர். அவரையுங் கேட்க முடிந்தது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

எழுபதுகளின் இறுதியிற் புகுந்த விகிதாசார முறையால் வட்டாரம் மறைந்தது. உறுப்பினர் கட்சிப் பட்டியலுக்கு உரியவரானார். 1980ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட அபிவிருத்திச் சபைகளைத் தோற்றுவிக்கக் கிராமசபைகள் மறைந்தன. பின்னர், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், கல்முனைப் பட்டின சபையும் கரவாகு வடக்கு, தெற்கு, மேற்குக் கிராமசபைகளும் இருந்த பரப்பு ஒரே பிரதேச சபையாயிற்று. 2001இல் அது மாநகர சபை என்னும் உயர்பெயரும் பெற்றது. பெயர் உயர்ந்ததேயன்றி ஊரார் மனம் நிறைந்ததில்லை.

முன்னர்க் கரவாகு தெற்கெனத் தனிச்சபை பெற்றிருந்த சாய்ந்தமருது, மீண்டும் தனிச்சபை வேண்டி நின்றது. 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வட்டாரத்தை மீட்டுத் தந்தமையால், 2018 பெப்ரவரித் தேர்தலில் அவ்வேட்கை வாக்காக வெளிப்பட்டது. பெரிய பள்ளிவாசலின் ஆதரவு பெற்ற சுயேச்சைக் குழு அவ்வூரிலே தேசியக் கட்சிகளை வென்றது. மரைக்கார் மரபை அறிந்தார்க்கு இது வியப்பன்று. ஆனால் எல்லை பிரிப்பது எளிதன்று. ஒரூர் பிரியின் எஞ்சிய மாநகரில் முஸ்லிம், தமிழர் தொகைவிகிதம் மாறும் என்னும் அச்சம் கல்முனை முஸ்லிம்களிடம் இருந்தது. தமிழரோ வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துமாறு கேட்டு நின்றனர். 2020 பெப்ரவரியிற் சாய்ந்தமருது நகர சபைக்கான வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்து, சில நாட்களுள் இடைநிறுத்தப்பட்டது.

2023 மார்ச்சிற் சபையின் காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் நாள் நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றபொழுதும் கல்முனை மாநகர சபைக்குத் தேர்தல் நடைபெறவில்லை. உறுப்பினர் தொலைவில் உள்ளார் என முறையிட்ட ஊரார், அன்று தம் முறையீட்டை ஆணையாளரின் அலுவலகத்திற்கே கொண்டு செல்ல வேண்டியவராயினர்.