படத்துக்குக் கீழே ஒரு பேர்

ஆலங்குளத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் நான் எடுத்ததெல்லாம் முகங்கள்தான். 1970-இல் உற்பத்தி தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து. இடையிடையே பாஸ்போர்ட் சைஸ். சிவப்பு பல்பு வெளிச்சத்தில் பேப்பரை டெவலப்பரில் ஆட்டி, ஹைப்போவில் முக்கி, கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பேன்.

போன மாசம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எடுத்த படங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அதே கொடி, அதே கிளிப். ஒரு படத்தின் முன்னால் அசையாமல் நின்றுவிட்டேன். சுண்ணாம்புக்கல் தூசி படிந்த வேப்பிலை. மழைத்துளி விழுந்த இடம் மட்டும் பச்சை.

“இதை எடுத்தது யாரு தாயி?”

“எட்டாம் வகுப்பு தாத்தா” என்றாள் பக்கத்தில் நின்ற பிள்ளை. படத்துக்குக் கீழேயும் அவ்வளவுதான் எழுதியிருந்தது.

படம் எடுக்கும் மாணவர்கள் நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தன் கைக்காசைப் போட்டுச் சென்னையில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். பிறகு அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதன் வாரிசு. ஓவியம், மண்பாண்டம், செதுக்கு வேலையோடு புகைப்படமும் அங்கே பாடமானது. அன்றைக்குப் படம் எடுப்பது லேசான வேலையா? கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து, ஈரம் காயுமுன் எடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். நம் வெயிலில் அந்த ஈரம் எத்தனை நிமிஷம் நிற்கும்!

லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி வேறு வழி பிடித்தார். மெழுகு தடவிய காகிதத்தையே நெகட்டிவாக வைத்துக்கொண்டு, 1858-இல் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். வானம் வெறிச்சென்று வந்தால் நெகட்டிவில் மேகம் தீட்டிவிடுவார். நான் மாப்பிள்ளை முகத்து அம்மைத் தழும்பைப் பென்சிலால் மறைத்த அதே டச்சப் வேலைதான்!

அவருக்கு உதவியாக இருந்தவர் கலைப்பள்ளியில் பயின்ற ஐயாசாமி. பிற்பாடு நீலகிரிக்குப் போய், தோடர், கோத்தர் முதலான மக்களையும் பழைய கல் சின்னங்களையும் எடுத்தார். பிரீக்ஸ் என்பவர் நீலகிரி மக்களைப் பற்றி எழுதி, 1873-இல் லண்டனில் வெளிவந்த நூலில் அவர் படங்கள் இருக்கின்றன. அதனால் நூற்றைம்பது வருஷம் கழித்து ஆலங்குளத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் அவர் பேர் தெரிகிறது. அவர் எடுத்த தோடர்களின் பேர் எனக்குத் தெரியாது. அவரோடு தகடு கழுவிய பையன்கள் பேரும் தெரியாது.

என்னையும் சொல்ல வேண்டும். படத்துக்குப் பின்னால் என் ஸ்டுடியோ முத்திரையைத் தவறாமல் குத்தினேன். இருட்டறையில் என்னோடு நின்று விரல் வெந்த உதவிப் பையன் எடுத்த படங்களிலும் என் முத்திரைதான்.

காட்சிக்குப் போன அன்று சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். வகுப்பைக் கூப்பிட்டு விசாரித்து, வேப்பிலைக்குக் கீழே ஒரு பேரை அவரே எழுதினார். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் படம் மாட்டுவார்கள். போகும்போது ஒரு பேனா கொண்டுபோங்கள்.