உறையாத நீரும் ஒளிந்திருந்த பிழையும்



நீர் பூச்சியம் பாகையில் உறையும் என்று பள்ளியிலே படித்திருக்கிறோம். ஆயினும், மாசற்ற நீரை மெல்லக் குளிரச்செய்தால் பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 பாகை வரை அது உறையாமல் நிற்றலும் கூடும். அதற்கும் கீழே அதன் இயல்பை ஆராய்வது மிகவும் அரிது, அளக்குமுன்னரே பனிக்கட்டியாகிவிடும்.

ஆகவே அறிஞர் கணிப்பொறியை நாடினர். மூலக்கூறுகளை எண்களாக அமைத்து, அவை ஒன்றையொன்று ஈர்த்தும் தள்ளியும் அசையும் விதத்தைக் கணக்கிடுவதே பாவனைச் சோதனை எனப்படும். இறப்பர், சவர்க்காரக் கரைசல், கூழ் முதலிய நெகிழ்பொருள்களையும் இவ்வாறே ஆராய்கின்றனர்.

1992ஆம் ஆண்டிலே பொஸ்தன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் சிலர், கடுங்குளிரில் நீர் அடர்த்தி கூடியதும் குறைந்ததுமான இரு திரவங்களாகப் பிரியலாம் என இம்முறையாற் கண்டனர். 2011இல் கலிபோர்ணியாவின் பேர்க்லியிலிருந்து டேவிட் சாண்டிலரும் டேவிட் லிம்மரும் இதனை மறுத்தனர். இரண்டாவது திரவம் என்று ஒன்றில்லை, காணப்பட்டது உறைதலின் சாயலே என்பது அவர்கள் முடிபு. பிரின்ஸ்ரனிலே பப்லோ டெபனடெற்றியின் குழுவினரோ, 2014இல் ஆறு வழிகளாற் கணக்கிட்டு, இரு திரவங்களும் உண்டென்றனர்.

இரு சாராரும் எடுத்துக்கொண்ட நீர்மூலக்கூறின் மாதிரியுரு ஒன்றே. ஆதலின் இரு விடைகளும் ஒருங்கே சரியாதல் இயலாது. பிழை எங்கே?

இங்கேதான் வழக்குச் சிக்கலாயிற்று. கட்டுரையில் அச்சாவன சமன்பாடுகளும் வரைபுகளுமே. கணிப்பொறி உண்மையிற் செய்ததைச் சொல்வது செய்நிரல். அதனோடு தொடக்க நிலைகளும் இடைக்கணிப்புத் தரவுகளும் வேண்டும். கட்டுரை பந்தியிலே பரிமாறிய உணவென்றால், இவை அடுப்படி எனலாம். அடுப்படிக்குள் அயலாரை விட எவருக்குத்தான் மனம் எளிதில் வரும்? பேர்க்லிச் செய்நிரல் பிரின்ஸ்ரனாருக்குக் கிடைக்கப் பல ஆண்டுகள் சென்றன. அதுவரை இரு தரப்பும் ஊகத்தின்மேல் ஊகமாக மறுப்புரைகள் எழுதின.

கிடைத்தபின் காரணம் தெரிந்தது. மூலக்கூறுகளுக்கு இடையிடையே புது வேகம் அளிக்கும் படியிலே தவறு இருந்தது. அதனால் இடம்பெயரும் இயக்கத்துக்கும் சுழலும் இயக்கத்துக்கும் இடையே ஆற்றல் சரிவரப் பங்கிடப்படவில்லை. அதனைத் திருத்தி மீண்டும் கணக்கிட்டபோது பேர்க்லிச் செய்நிரலே இரு திரவங்களைக் காட்டிற்று என்று பிரின்ஸ்ரன் குழுவினர் 2018இல் எழுதினர்.

அக்கட்டுரையைப் படித்து விடையிறுக்கச் சாண்டிலர் இருக்கவில்லை. அவர் 2017ஆம் ஆண்டிலே காலமாகியிருந்தார்.