வரி பிளந்த ஊர்

திருவொற்றியூர் இறைவருக்கு எழுத்தறியும் பெருமான் என்றொரு திருநாமம் உண்டு. அரசனொருவன் கோயில்களின் படித்தரத்தைக் குறைத்தான் என்றும், இல்லை, அவற்றின்மேல் வரி விதித்தான் என்றும் இருவகையாக வழங்கும் ஐதீகத்தில், ஆணையோலை எழுதி முடிந்தபின் பெருமான் வரியைப் பிளந்து, ஒற்றியூருக்கு மட்டும் விலக்கு என்று இடையே எழுதிவிட்டார். சேக்கிழாரும் இதைச் சுட்டுகிறார். சென்னை ஏழுகிணறு பகுதியில் குடியிருந்து ஒற்றியூருக்கு நடந்தே சென்று வழிபட்ட இராமலிங்க அடிகள் (1823–1874) இத்திருநாமத்தின் பேரில் ஒரு மாலையே பாடியிருக்கிறார்.

அரசிறைக்கும் வரி என்று பெயர், எழுத்தொழுங்குக்கும் வரி என்று பெயர். செய்யுளின் உறுப்புக்கோ நம் இலக்கணகர்த்தர்கள் அடி என்றே பெயரிட்டார்கள். அந்நாளில் ஏடு எழுதுகிறவன், ஓலை முடியுமட்டும் புள்ளியின்றி, சொல்லிடை வெளியுமின்றி எழுதிக்கொண்டே போவான். வெண்பாவின் இரண்டாம் அடி ஓலையின் நடுவில் முடிந்தாலும் அவனுக்குக் கவலையில்லை, ஏனெனில் எதுகையும் சீர்க்கணக்கும் அறிந்த செவி அவ்விடத்தைத் தானே கண்டுகொள்ளும், ஈற்றடி மூன்று சீரில் நின்றதும் பாட்டு முடிந்ததென்று தெளியும். ஒற்றியூர்க் கடற்கரையில் வலையிழுப்போரின் அம்பாப் பாட்டுக்கு ஏடுகூட வேண்டுவதில்லை; ஒருவர் பாட, மற்றவர் ஏலேலோ என்று ஏற்கும் இடத்தில் கயிறும் சிறிது கரையேறும்.

1835இல் சுதேசிகள் அச்சகம் நடத்துவதற்கிருந்த தடை நீங்கிப் பழைய நூல்கள் காகிதத்துக்கு வந்தபோது, நெடிய விருத்தவடி தாளின் அகலத்துள் அடங்காமையால், அச்சுக் கோப்பவர் அதை மடக்கிப் போட்டார். எண்சீர் விருத்தத்தின் நான்கடி எட்டு வரியாயிற்று. காகிதத்தின் நிர்ப்பந்தமேயன்றிக் கவியின் சித்தமன்று இது. ஆயினும் மோனை பெறும் ஐந்தாம் சீர் வரித்தலைப்பில் வந்து நின்றமையால், செவி அறிந்திருந்ததைக் கண்ணும் காணலாயிற்று.

1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையில் ந. பிச்சமூர்த்தி முதலியோரின் புதுக்கவிதைகள் வெளிவந்தபோது, வசனத்தை மடக்கி மடக்கி எழுதினால் கவிதையாகுமா என்ற பரிகாசம் எழுந்தது. பலர் எழுதியவற்றைப் பார்க்கையில் அதை முற்றும் அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சீரையும் எதுகையையும் துறந்த கவிக்கு வரி ஒடியும் இடமே தாளமாகிறது. உடன்பாடா மறுப்பா என்பதைக் கடைசிச் சொல்வரை ஒளித்துவைக்கும் நம் பாஷையில் அந்த ஒடிப்புக்கு விசேஷ வலிமையும் உண்டு. 'கடலுக்குப் போனவன் திரும்பி வர' என்று வரியை நிறுத்தினால், அடுத்த வரி 'வேண்டும்' என்றும் தொடங்கலாம், 'மாட்டான்' என்றும் தொடங்கலாம்; கண் கீழிறங்கும் அவ்வளவு நேரமும், காசிமேட்டுக் கரையில் நிற்பவளின் நிலைதான் வாசகனுக்கும்.